லாரி நிற்கும் நேரம்

கோவையில் லோடு ஏற்றி, சென்னையில் இறக்கி, அங்கிருந்து ரிட்டன் லோடு பிடித்துத் திரும்பும் ஒரு பத்துச் சக்கர லாரியின் நேரக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் மாதிரிக்குத்தான். ஆனால் எந்த டிரான்ஸ்போர்ட் ஆபீசின் டிரிப் ஷீட்டை விரித்தாலும் இதே சாயல் தெரியும்.

கோவையில் கம்பெனி கேட்டுக்கு வந்ததிலிருந்து லோடிங் மேடையில் வண்டியை நிறுத்தும் வரை 5 மணி நேரம். ஏற்ற 3. பில் கைக்கு வர 2. சென்னை 500 கிலோமீட்டர். ஓட்டம் 12 மணி நேரம், நடுவில் ஓட்டுநர் தூங்க 6. சென்னையில் முறை வர 8, இறக்க 3, எல்ஆர் எனும் சரக்கு ரசீதில் கையெழுத்து வாங்க 1. ரிட்டன் லோடு அமைய 14. அதை ஏற்றும் இடத்தில் 6. அதில் ஏற்றும் வேலை 3 மட்டுமே. திரும்பும் வழிக்கு மறுபடி 12-ம் 6-ம். கோவையில் இறக்கும் இடத்தில் 8. அதிலும் வேலை 3.

கூட்டினால் 86 மணி நேரம். சக்கரம் உருண்டது 24. தூக்கம் 12. ஏற்றவும் இறக்கவும் 12. மீதி 38 மணி நேரம் வண்டி சும்மா நின்றிருக்கிறது.

தவணை, இன்சூரன்ஸ், பெர்மிட், ஓட்டுநர் சம்பளம் என்று ஓடினாலும் நின்றாலும் ஆகிற செலவு மாதத்துக்கு 1,26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள், அதாவது 600 மணி நேரம், வண்டி வேலையில் இருந்தால் இந்த வேகத்தில் 7 சுற்றுதான் போகும். ஒரு சுற்றின் தலையில் 18,000 ரூபாய் விழுகிறது. காத்திருப்பில் 14 மணி நேரத்தை மட்டும் குறைத்தால் சுற்று 72 மணி நேரமாகும். மாதம் 8 சுற்று ஓடும். சுமை 15,750 ஆகிவிடும். ஒரு சுற்றுக்கு 2,250 ரூபாய் மிச்சம், எட்டாவது சுற்றின் வாடகை தனி. இதற்கு டீசலில் ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

இதே நேரத்தை வேகத்தில் பிடிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 500 கிலோமீட்டரை 60-க்குப் பதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மிஞ்சுவது 2 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதற்கு விலையாக டீசல், டயர், பிரேக் மூன்றும் தேய்கின்றன. எதிரே வருகிறவர்களின் உயிரும் பணயத்தில் இருக்கிறது. அந்த 2 மணி நேரத்தைச் சென்னை கேட் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு இன்னும் 6 கேட்கும்.

இப்படி வீணாவதைத் தேடிக் களையும் லீன் முறை பிறந்தது டொயோட்டா தொழிற்சாலையில். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான தைச்சி ஓனோ, ஏழு வகை விரயங்களைப் பட்டியலிட்டார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, போக்குவரத்து, தேவையற்ற வேலை, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, பிழை. பட்டியலில் போக்குவரத்தே ஒரு விரயமாக இருப்பதைக் கண்டு, சரக்குப் போக்குவரத்துக்கு இந்த முறை எப்படிப் பொருந்தும் என்று குழம்புவது இயல்பு. தொழிற்சாலைக்குள் ஒரு உதிரிபாகத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளுவதற்கு எந்த வாடிக்கையாளரும் காசு தரமாட்டார். லாரித் தொழிலிலோ இடம் மாற்றுவதற்குத்தான் காசே. ஆகவே, சரியான சரக்கு ஏறிய வண்டி சேர வேண்டிய திசையில் உருளும் நேரம் மட்டுமே மதிப்புள்ள நேரம். மற்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காரணம் கேட்கலாம்.

டொயோட்டாவில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. விரயம் 'முடா'. வேலை சீராக வராமல் ஒரு நாள் மலையாகவும் ஒரு நாள் மடுவாகவும் வருவது 'முரா'. மனிதரையோ எந்திரத்தையோ சக்திக்கு மீறி வாட்டுவது 'முரி'. லாரித் தொழிலில் கண்ணுக்குத் தெரியும் முடாவில் பெரும்பகுதி, எங்கோ இருக்கும் முராவின் குழந்தை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை.

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் இந்தச் சிந்தனையை லாரிக்குப் பொருத்தி ஐந்து இழப்புகளை வகுத்தார்கள்: ஓட்டுநர் இடைவேளை, ஏற்றி இறக்குவதில் கூடுதல் நேரம், நிரம்பாத வண்டி, வேக இழப்பு, பிழையால் வரும் தாமதம். நல்ல சட்டகம்தான். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து முதல் வரியிலேயே ஓட்டுநரின் ஓய்வை இழப்பாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வு என்றது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. மேலே சொன்ன கணக்கில் அந்த 12 மணி நேரத் தூக்கத்தைத் தொடக் கூடாது. முடிந்தால் கூட்ட வேண்டும். கேட்டில் 8 மணி நேரம் நின்றதை 'ஓய்வு' என்று எழுதிவிட்டு அன்றிரவே ஓடச் சொல்வதுதான் முரி. வரிசையில் வண்டியை அடிக்கடி பத்தடி நகர்த்திக்கொண்டிருப்பவர் எங்கே தூங்குவது?

சாலையில் நின்ற நேரம் கடந்த பத்தாண்டுகளில் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. கேரள எல்லையில் உள்ள வாளையாரில் மணிக்கணக்கில் நின்ற வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகி டோல் கேட் வரிசையும் சுருங்கியது. மிஞ்சி நிற்பது சரக்கு அனுப்புகிறவர், வாங்குகிறவர் ஆகிய இருவரின் கேட்டுகள். அவற்றை எந்தச் சட்டமும் வந்து திறந்துவிடாது.

கேட்டில் என்ன நடக்கிறது?

ஒரு கம்பெனியில் இரண்டு லோடிங் மேடைகள், ஒரு வண்டி ஏற்ற ஒன்றரை மணி நேரம், நாளுக்கு 12 வண்டிகள். டெஸ்பாட்ச் ஆபீஸ் எல்லா டிரான்ஸ்போர்ட்டுக்கும் ஒரே செய்தி சொல்கிறது: 'காலை 9 மணிக்கு வண்டி வேணும்.' 12 வண்டிகளும் வருகின்றன. முதல் இரண்டு காத்திருக்கவில்லை. அடுத்த இரண்டு ஒன்றரை மணி நேரம், அதற்கடுத்தவை 3, பிறகு 4.5, 6, கடைசி இரண்டும் 7.5 மணி நேரம். மொத்தம் ஒரே நாளில் 45 லாரி மணி நேரம் வீண். அதே 12 வண்டிகளை 9, 10.30, 12 என்று இரண்டிரண்டாக வரச் சொல்லியிருந்தால் வேலை அதே நேரத்தில்தான் முடியும். காத்திருப்பு கணக்குப்படி பூஜ்யம். கூடுதல் ஆள் வேண்டாம், மேடை வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். ஒரு வெள்ளைப் பலகையும் போனும் போதும்.

ஆனாலும் பல இடங்களில் இது இரண்டு வாரத்தில் படுத்துவிடுகிறது. 12 மணிக்கு வரச் சொன்ன ஓட்டுநர் 8 மணிக்கே வந்து நிற்பார். முந்தி வந்தவனுக்கே முதல் இடம் என்பதுதான் அவர் வாழ்நாள் அனுபவம். அவரை முன்னால் விட்டுவிட்டால் மறுநாள் எல்லாரும் 8 மணிக்கு வருவார்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வண்டி, எவ்வளவு முந்தி வந்தாலும் சரி என்று குறைந்தது இரண்டு வாரம் பிடிவாதமாக நடத்தினால்தான் நம்பிக்கை வரும். தாமதமாக வருபவருக்கும் வழி வேண்டும்: நாளில் கடைசி முறை ஒன்றைக் காலியாக வைத்திருங்கள். எல்லா முறையையும் நிரப்பிவிட்டால், காலையில் ஒரு வண்டி பஞ்சரானால் மாலை வரை எல்லாம் சரியும்.

இதற்கு முன் செய்ய வேண்டியது நேரம் குறிப்பது. ஆறு நேரங்கள் போதும்: கேட்டுக்கு வந்தது, உள்ளே விட்டது, மேடையில் நின்றது, ஏற்றி முடித்தது, பில் கிடைத்தது, வெளியே போனது. செக்யூரிட்டி ஒரு அட்டையில் முதல் நேரத்தை எழுதி ஓட்டுநரிடம் கொடுக்க, ஒவ்வொரு இடத்திலும் அங்கே இருப்பவர் எழுத, வெளியேறும்போது அட்டை திரும்ப வர வேண்டும். பெரும்பாலான கேட் பதிவேடுகள் 'உள்ளே விட்ட' நேரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. வெளியே ரோட்டோரம் நின்ற 4 மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. முதல் நேரத்தைக் குறிக்காத அளவீடு வீண். 20 வண்டிகளின் அட்டைகளைத் தரையில் பரப்பினால் எந்த இடைவெளி பெரிது என்று பளிச்சென்று தெரியும்.

பிறகு 'ஏன்' என்று கேட்கத் தொடங்கலாம். ஏற்றி முடித்தும் வண்டி ஏன் 2 மணி நேரம் நின்றது? பில் வரவில்லை. ஏன்? எடைச் சீட்டு வரவில்லை. ஏன்? லோடு ஏற்றியபின் எடைமேடைக்குப் போனபோது அங்கே காலி எடை போடாத வண்டி இது என்று தெரிந்தது. ஏன் போடவில்லை? உள்ளே வரும்போது எடைமேடையில் வெளியேறும் வண்டிகள் நின்றதால் செக்யூரிட்டி 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று விட்டுவிட்டார். ஏன் வெளியேறும் வண்டிகள் அங்கே தேங்கின? பில்லிங் ஆள் எல்லாச் சீட்டுகளையும் சேர்த்து வைத்து மாலை 4 மணிக்கு ஒரே கட்டாக அடிக்கிறார். ஒவ்வொரு வண்டிக்கும் உடனே பில் போட்டால் எடைமேடை காலியாகும். காலி எடை தவறாது. ஐந்தாவது 'ஏன்' வரை போகாதவர் இந்த இடத்தில் இன்னொரு எடைமேடை வாங்கியிருப்பார்.

மாதக் கடைசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் மூன்று வாரம் தூங்கி வழியும் டெஸ்பாட்ச், 25-ம் தேதிக்கு மேல் இரவு பகலாக ஓடும். விற்பனை இலக்கு மாதக் கடைசியில் மூடுவதால் வரும் முரா இது. அந்த ஐந்து நாளில் சந்தை வாடகை ஏறும், வண்டி கிடைக்காது, கிடைத்த வண்டியும் நிரம்பாமல் போகும். லாரி ஆபீசில் எவ்வளவு திறமை இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கம்பெனியின் விற்பனைப் பிரிவு இலக்கை வாரத்துக்கு வாரம் பிரித்தால்தான் அடங்கும்.

காத்திருப்புக்கு விலை இல்லாத வரை யாரும் அதை அளக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஹால்டிங் சார்ஜ், அதாவது காத்திருப்புக் கட்டணம், என்ற சொல் எல்லாருக்கும் தெரியும், வாங்கியவர் குறைவு. கேட்டுக்கு வந்த நேரத்திலிருந்து இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்த அட்டையையே ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி தன் முறைக்கு வராவிட்டால் டிரான்ஸ்போர்ட்டரும் தர வேண்டும். இரு பக்கமும் இருந்தால்தான் நியாயம் நிற்கும். கூடவே நிழல், குடிதண்ணீர், கழிப்பறை. பத்து வண்டிகள் நிற்கும் கேட்டில் இவை இல்லாதது வெட்கக்கேடு.

நிரம்பாத வண்டி

வண்டி நிரம்புவது இரண்டு விதம். சிமென்ட், இரும்பு என்றால் எடையில் நிரம்பும். பனியன், பிளாஸ்டிக் என்றால் இடத்தில் நிரம்பும். எடையில் நிரம்பும் சரக்கை ஏற்றுவதற்குச் சட்டம் வகுத்த ஒரு எல்லை உண்டு. 2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்பு கூட்டப்பட்டது: நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5, இரட்டை அச்சுக்கு 19-லிருந்து 21. அதற்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மொத்த எடை சரியாக இருந்து, பின்னால் மட்டும் குவித்து ஏற்றியதால் பின் அச்சு மீறிப்போவதும் உண்டு. முன் அச்சு லேசாகி ஸ்டீயரிங் பிடிப்பும் குறையும்.

இடத்தில் நிரம்பும் சரக்கில்தான் ஒளிந்திருக்கும் லாபம் அதிகம். 20 அடி கண்டெய்னரின் உள் உயரம் ஏறத்தாழ 2.39 மீட்டர். ஆனால் கதவின் உயரம் 2.28 மீட்டர்தான்; பெட்டிகளை அடுக்கித் தூக்கும் தட்டான பேலட் அதற்குள் நுழைந்தாக வேண்டும். 1200-க்கு 1000 மில்லிமீட்டர் பேலட் 10 பிடிக்கும். 60-க்கு 40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒரு அடுக்குக்கு 5 கச்சிதமாக உட்காரும். பெட்டியின் உயரம் 45 சென்டிமீட்டர் என்றால் 4 அடுக்கு 180, பேலட்டின் 15 சேர்த்து 195. ஐந்தாவது அடுக்கு வைத்தால் 240; கதவில் நுழையாது. ஆக ஒரு கண்டெய்னருக்கு 200 பெட்டிகள்.

இப்போது ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். மேலே 4 சென்டிமீட்டர் காற்று இருந்தால் பெட்டியை 41 ஆக்கலாம். 5 அடுக்கு 205, பேலட்டுடன் 220; ஃபோர்க்லிஃப்ட் தூக்கி நுழைக்க 8 சென்டிமீட்டர் மிச்சம். கண்டெய்னருக்கு 250 பெட்டிகள். 1,000 பெட்டிகளுக்கு ஐந்து வண்டிகள் போன இடத்தில் நான்கு போதும். கவனிக்க வேண்டியது, கூடுதல் அடுக்கின் எடையைக் கீழ்ப்பெட்டி தாங்குமா என்பது. அட்டை ஈரம் இழுத்தால் வலு போய்விடும். மழைக்காலத்தில் ஒரு பேலட்டை அடுக்கி இரண்டு நாள் குடோனில் நிறுத்திப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் வட்டாரத்தில் வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பொருள் போகும் விதத்தில் 'மில்க் ரன்' என்றொரு வழக்கம் உண்டு. ஆறு சப்ளையர்கள் ஆளுக்கொரு பாதி காலி வண்டி அனுப்புவதற்குப் பதில், ஒரே லாரி ஆறு இடமும் சுற்றி எடுத்து வருவது. ஊர் ஊராகப் பால் எடுக்கும் வண்டி போல. ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம், குறித்த நேரம். இது கெடும் இடங்கள் மூன்று. முதல் சப்ளையர் 40 நிமிடம் தாமதித்தால் மீதி ஐந்து பேரும் தாமதம். ஆகவே நேரம் முடிந்தால் வண்டி கிளம்பிவிடும், விட்டுப்போன சரக்கை அவர் தன் செலவில் கொண்டுவர வேண்டும் என்ற விதி இரக்கமில்லாமல் நடக்க வேண்டும். இரண்டாவது, முதலில் ஏற்றியது உள்ளே மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் திறக்கும் பாடி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது காலி டப்பாக்கள். திரும்பப் போக வேண்டிய டப்பாக்களை அந்தந்த சப்ளையரிடம் முதலில் இறக்கி, அந்த இடத்தில் சரக்கை ஏற்ற வேண்டும். டப்பா குறைந்தால் சப்ளையர் அட்டைப்பெட்டியில் போடுவார். அளவு மாறும், அடுக்கு குலையும். வாடகையையும் டன்னுக்கு என்று பேசாமல் சுற்றுக்கு என்று பேச வேண்டும். இல்லையென்றால் லோடு குறைந்த நாளில் டிரான்ஸ்போர்ட்டர் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

ரிட்டன் லோடுக்கு நிற்கும் 14 மணி நேரம் கடினமான பகுதி. இறக்கியபின் மாதவரம் போய் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து தேடுவதுதான் வழக்கம். தேடல் தொடங்க வேண்டியது கோவையில் லோடு ஏற்றும்போதே. ஆனால் இறக்கும் நேரம் நிச்சயமில்லாத வண்டியை நம்பி எந்தப் புரோக்கரும் லோடு பேசமாட்டார். அதனால் கேட் நேரத்தைச் சீராக்குவதே ரிட்டன் லோடுக்கும் மருந்து. எல்லா வண்டிக்கும் இதே அளவுகோல் பொருந்தாது: நாமக்கல்லில் நிறைய உள்ள எல்பிஜி டேங்கர்கள் காலியாகத்தான் திரும்பியாக வேண்டும். அங்கே விரயத்தைத் தேட வேண்டிய இடம் பிளான்ட் வாசல் வரிசை.

காகிதப் பிழை சிறியதாகத் தெரியும். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். கோவை-சென்னைக்கு 3 நாள். வண்டி எண்ணைப் பதிந்த நொடியிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். வண்டி கேட்டுக்கு வந்ததுமே எண்ணைப் பதிந்துவிட்டு லோடு ஏற்ற மறுநாள் ஆக்கினால், அந்தக் காத்திருப்பு கெடுவிலிருந்தும் கழிகிறது. வெளியேறும் முன்தான் பதிய வேண்டும். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்த 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். எல்ஆர் மேலேயே அந்த நேரத்தைப் பேனாவால் எழுதிவிட்டால் ஓட்டுநரே நினைவூட்டுவார். வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறிப்போவது போன்ற பிழைக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விடலாம் என்று 2018 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் அதைப் பேசி முடிக்க வண்டி அரை நாள் நிற்கும்.

டயரைப் பற்றி ஒன்று மட்டும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது. ஜோடி டயர்களின் விட்டத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரியது சுமையைத் தாங்கிச் சூடாகும். சின்னது இழுபட்டுத் தேயும்.

கடைசியாக, பணத்தின் காத்திருப்பு. கையெழுத்தும் சீலும் விழுந்த எல்ஆர் திரும்பி வந்தால்தான் பேலன்ஸ் வாடகை. அந்தக் காகிதம் கேபினிலேயே இரண்டு டிரிப் சுற்றும். பிறகு கூரியரில் போகும். ஆபீசில் வேறொரு கட்டில் உட்காரும். வண்டிக்காரர் அதுவரை டீசலுக்குக் கடன் வாங்கி ஓட்டுகிறார். இறக்கிய இடத்திலேயே, கேட்டை விட்டு வெளியேறும் முன், எல்ஆரைப் படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்கே பில்லைத் தொடங்கலாம். அசல் பின்னால் வரட்டும். சீல் மங்கலாக இருந்தால் உடனே திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும், கேட்டைத் தாண்டியபின் யாரும் வைத்துத் தரமாட்டார்கள். பின்பக்கத்தையும் சேர்த்தே படம் எடுக்க வேண்டும்: ஷார்ட்டேஜ், டேமேஜ் குறிப்பைப் பெரும்பாலும் அங்கேதான் எழுதுகிறார்கள்.